பழைய வீட்டின் பூர்வோத்தரம்: கடலூரிலும் புதுச்சேரியிலும் எங்கே, எப்படித் தேடுவது

பழைய வீட்டை விற்க வருகிறவர் யாரும் அதன் வயதைக் குறைத்துச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. "இருநூறு வருஷத்து வீடு சார், துரை இருந்த வீடு" என்பார் தரகர். எதிர்வீட்டுப் பெரியவரோ, "அதெல்லாம் சும்மா. சைகோன் பணத்துல கட்டினது" என்பார். இரண்டையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு தேடக் கிளம்ப வேண்டாம். தேட வேண்டியது இன்றைய பத்திரத்திலிருந்து பின்னோக்கி: இவருக்கு யார் விற்றார், அவருக்கு யார் கொடுத்தார், அதற்கு முன் யார் என்று ஒவ்வொரு கையாக. நடுவில் ஒரு கையை விட்டுத் தாவினால், அதற்குப் பிறகு நீங்கள் கண்டுபிடிப்பது பக்கத்து வீட்டின் கதையாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வங்கிக் கடனுக்காக வக்கீல் பார்க்கும் 'பேரன்ட் டாக்குமென்ட்', அதாவது முந்தைய பத்திரங்களின் பரிசோதனை வேறு, இது வேறு. அவர் முப்பது வருஷத்துக்குச் சிக்கல் இல்லை என்று பார்த்தால் போதும், நிறுத்திவிடுவார். பெரும்பாலும் அவர் நிறுத்திய இடத்திலிருந்துதான் நம் வேலை தொடங்கும்.

வீடு எந்தப் பக்கம்?

சிரிக்காதீர்கள், இதுதான் முதல் கேள்வி. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. கடலூர் சாலையில் போனால் கன்னியக்கோயில் புதுச்சேரி, கொஞ்ச தூரத்தில் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. வில்லியனூர் பக்கம் போனாலும் அப்படித்தான். கண்டமங்கலம் தமிழ்நாட்டில் இருக்கிறது. இன்றைக்கு இது பெட்ரோல் விலை வித்தியாசம் அளவுக்குத்தான் தெரியும். பழைய காகிதத்தில் அது இரண்டு உலகம். ஒரு பக்கம் 1860களிலேயே வந்துவிட்ட ஆங்கிலேயர் பத்திரப் பதிவு முறை. இன்னொரு பக்கம் 'நொத்தேர்', அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் நோட்டரி, எழுதும் பிரெஞ்சுப் பத்திரம். புதுச்சேரியில் இந்தியப் பதிவுச் சட்டம் 1960களின் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்தது. இந்த இரண்டு தேதிகளும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும், அடிக்கடி தேவைப்படும்.

கையில் இருக்கும் பத்திரத்தைப் படிப்பது

வீட்டில் இருக்கும் பத்திரக் கட்டை முழுவதும் ஒரு முறை போட்டோ எடுத்துவிட்டு, பிறகு மூலத்தைத் தொடாதீர்கள். பழைய முத்திரைத்தாள் மடிப்பில்தான் கிழியும். பெரும்பாலும் சர்வே எண்ணும் அந்த மடிப்பில்தான் இருக்கும்.

ஒரு கிரையப் பத்திரத்தில் நமக்கு வேண்டியவை மூன்று. முதலாவது, சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது என்று சொல்லும் பத்தி: 'எனக்கு இன்ன தேதியில் இன்ன சார்பதிவகத்தில் 1 புத்தகம், இன்ன தொகுதி, இன்ன பக்கங்களில், இன்ன எண்ணாகப் பதிவான கிரையப் பத்திரப்படிப் பாத்தியப்பட்டு' என்று போகும். அதுதான் முந்தைய பத்திரத்தின் முகவரி. 'பிதுரார்ஜிதமாய்' என்று மட்டும் இருந்தால் எண் கிடைக்காது. அப்போது அப்பா, தாத்தா பெயரில் பாகப் பிரிவினையோ உயிலோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இரண்டாவது, கடைசிப் பக்கத்துச் சொத்து விவரம். புதியவர்கள் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு மாதிரி நான்கெல்லை இப்படி இருக்கும்:

'சுப்பராயன் வீட்டுக்கு மேற்கு, தென்வடல் தெருவுக்குக் கிழக்கு, கோயில் மனைக்குத் தெற்கு, பொதுச் சந்துக்கு வடக்கு, இதன் மத்தியில் கிழமேல் ஜாதியடி 70, தென்வடல் ஜாதியடி 24, இதிலுள்ள நாட்டு ஓடு போட்ட வீடு, கிணறு, கதவு நிலை சகிதம்.'

'சுப்பராயன் வீட்டுக்கு மேற்கு' என்றால் சுப்பராயன் மேற்கே இருக்கிறார் என்று பொருள் இல்லை. அவர் வீட்டுக்கு மேற்கே *நம்* வீடு. ஆகவே சுப்பராயன் இருப்பது நமக்குக் கிழக்கே. தெருவுக்குக் கிழக்கே நாம் என்பதால் வாசல் மேற்குப் பார்த்தது. 'ஜாதியடி' என்பது பத்திரத்து அடிக்கணக்கு. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, தெருவின் எதிர்ச்சாரியில் வருஷக்கணக்காகத் தேடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு சின்னக் கட்டம் வரைந்து நான்கு பக்கமும் பெயர் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, கட்டடத்தைப் பற்றிய அந்த அரை வரி. 'காலி மனை', 'கூரை வீடு', 'நாட்டு ஓடு போட்ட வீடு', 'மெத்தை வீடு' (தளம் போட்ட மாடி வீடு) என்று தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வரும். ஒரு பத்திரத்தில் கூரை வீடு, அடுத்ததில் அதே எல்லைக்குள் மெத்தை வீடு, விலையும் பல மடங்கு என்றால், இரண்டு தேதிகளுக்கும் இடையில்தான் இன்று நீங்கள் நிற்கும் வீடு எழும்பியது. பதிவேடுகள் எல்லாம் மனையின் கதையைத்தான் சொல்கின்றன, வீட்டின் வயதை நாம்தான் இப்படிக் கறந்து எடுக்க வேண்டும்.

தேதியில் ஒரு கவனம். பழைய பத்திரங்களில் 'ஜய வருஷம் ஐப்பசி மாதம்' என்று மட்டும் இருக்கும். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பும். ஜய என்பது 1894-95ஆகவும் இருக்கலாம், 1954-55ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது என்று பாருங்கள். விக்டோரியா என்றால் 1901 வரை, ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை. வித்த முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் ஸ்டாம்ப் வெண்டர் போட்ட தேதியும் கைகொடுக்கும்.

கடலூர்ப் பக்கத்து வீடு என்றால்

முதல் வேலை வீட்டிலிருந்தே முடியும். தமிழ்நாடு பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி., போட்டுப் பாருங்கள். சர்வே எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலான சார்பதிவகங்களுக்கு 1975 முதல் விவரம் வரும். பார்ப்பதற்குக் காசு கிடையாது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தொகை, எல்லை விவரம் வரை இருக்கும். உட்பிரிவு எண்ணோடு ஒரு தடவை, உட்பிரிவு இல்லாமல் ஒரு தடவை என்று இரண்டு முறை போடுங்கள். பழைய பதிவுகள் உட்பிரிவு பிறப்பதற்கு முன்பே நடந்தவை.

அதற்கு முந்தையதற்கு 'மேனுவல் ஈ.சி.' இங்கேதான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். மனு, கட்டணம், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்ற விவரம் தர வேண்டும். முகூர்த்த நாளில் போகாதீர்கள், அன்றைக்கு அங்கே நிற்கவே இடம் இருக்காது. போவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் தெரு அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது? அலுவலகங்கள் பிரிந்தும் சேர்ந்தும் மாறியிருக்கின்றன. இன்றைய அலுவலகத்தில் 'பதிவு இல்லை' என்று சொன்னால், 'இங்கே இல்லை' என்பது மட்டும்தான் அதன் அர்த்தம்.

பதிவகத்தில் புத்தகங்கள் எண்ணால் பிரிக்கப்பட்டவை. அசையாச் சொத்துக் கிரையம், அடமானம், பாகப் பிரிவினை, செட்டில்மென்ட் எல்லாம் 1 புத்தகம். அதற்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று ஆட்களின் பெயரால், இன்னொன்று சொத்தால். பழைய காலத்துச் சொத்து அட்டவணையில் தெருப்பெயர் மாறியிருக்கும், கதவு எண் மாறியிருக்கும். பெயர் அட்டவணையில் தேடுவதே எனக்குத் தெரிந்து வேகமான வழி. 1 புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டினால் யாரும் பார்வையிடலாம், சட்டத்திலேயே இருக்கிறது. உயில்கள் 3 புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகு, இறப்புச் சான்று காட்டி யாரும் நகல் கேட்கலாம். 4 புத்தகம் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்.

சென்னை மாகாணத்தில் பதிவு முறை 1864ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அதற்காக அன்றுமுதல் எல்லாக் கைமாற்றமும் புத்தகத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நூறு ரூபாய்க்குள் விலைபோன மனையை எழுத்தில்லாமல் கையில் ஒப்படைத்தே விற்றுவிடலாம் என்ற நிலை இருந்தது. அந்தக் காலத்தில் நூறு ரூபாய் என்பது பெரிய தொகை. சின்னச் சின்ன வீடுகள் ஏராளமாக அப்படிப் பதிவில்லாமலே கைமாறின. உங்கள் சங்கிலி 1890களில் ஒரு கூரை வீட்டோடு முடிந்துபோனால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

வருவாய்த் துறைப் பக்கம் சுருக்கமாக. 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், நகரமென்றால் நகர நிலஅளவைப் பதிவேடு கிடைக்கும். இவை எண்களைப் பிடிக்க உதவும். உரிமையாளர் பெயரை இவற்றிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். பதிவில் அண்ணன் பெயருக்குத் தம்பி பெயர், அப்பா பெயருக்கு மாமா பெயர் என்று ஏறிய கதைகள் எல்லாத் தாலுகாவிலும் உண்டு. பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டைத் தாலுகா நிலஅளவைப் பிரிவில் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் 1975க்கு முன்னால் நகர முடியாது. கிராம நத்தத்தில் இருக்கும் வீடு என்றால் பழைய பட்டாவே இருக்காது. நத்தம் நிலவரித் திட்டம் வந்த பிறகுதான் பட்டா பிறந்தது. அதற்கு முன் வீட்டு வரி ரசீதுதான் சாட்சி.

அந்த வரி ரசீதைக் குறைத்து எடைபோடாதீர்கள். கடலூர் நகராட்சி 1866இல் அமைந்தது, 2021இல்தான் மாநகராட்சி ஆனது. வரி விதிப்புப் பதிவேட்டில் வார்டு, தெரு, பழைய கதவு எண், யார் பேரில் வரி என்ற வரிசை இருக்கும். திடீரென்று வரி ஏறியிருந்தால் வீட்டைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்க வேண்டும்: அடிமனை யாருடையது? மனை கோயிலுக்கு, மேல்கட்டடம் குடியிருப்பவருக்கு என்றால் பத்திரத்தில் 'மேல்கட்டடம் மட்டும்' என்று வரும். அப்போது தரைவாடகைக் கணக்கில் பழைய குடியிருப்பாளர் பெயர்களைத் தேவஸ்தான அலுவலகத்தில் தேடலாம்.

கடலூர் முதுநகர், மஞ்சக்குப்பம் பக்கம் 'கம்பெனி காலத்து வீடு' என்பார்கள். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி புனித டேவிட் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த எல்லைவரை உள்ள ஊர்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமை இடமே இதுதான். அந்த அளவுக்குப் பழைய காகிதம் வேண்டுமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் போக்கிடம்; பழைய நிலவரித்திட்டப் பதிவேடுகளும் அங்கே உண்டு. கலெக்டர் அலுவலகக் காகிதம் தேடும்போது 'தென்னார்க்காடு' என்று தேடுங்கள். கடலூர் மாவட்டம் என்ற பெயர் 1993க்குப் பிறகுதான்.

புதுச்சேரி வீடு என்றால்

முதலில் ஒரு வடிகட்டி. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகுதான் நகரம் மறுபடி எழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை போலத் தப்பியவை மிகச் சில. ஆகவே நகருக்குள் ஒருவர் 'முந்நூறு வருஷத்து வீடு' என்று சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம்.

அண்மைக் காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, 'நிலமகள்' நிலப் பதிவில் பட்டா விவரம் என்று வழக்கமான பாதைதான். வித்தியாசம் எண்களில். புதுச்சேரிப் பத்திரத்தில் ஒரே மனைக்கு மூன்று எண்கள் வரும்: ரீசர்வே எண், கதாஸ்தர் (பிரெஞ்சுக் கால நிலஅளவை) எண், நகரமென்றால் வார்டு, பிளாக்கோடு டவுன் சர்வே எண். கதாஸ்தர் எண்தான் பிரெஞ்சுக் காலத்துக்குள் நுழையும் சாவி. புதிய பத்திரம் எழுதும்போது அதை விட்டுவிடுகிறார்கள். அதனால் கட்டில் உள்ள பழைய பத்திரத்தில் தேடி முதலிலேயே குறித்துவையுங்கள்.

அளவுகளும் பணமும் வேறு. ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் என்பது 1 சதுர மீட்டர். குழி என்று வந்தால் ஜாக்கிரதை: புதுச்சேரியில் 576 சதுர அடியைக் குழி என்பார்கள், தமிழ்நாட்டில் பல இடங்களில் 144தான். விலையில் 'பணம்' வந்தால் 8 பணம் ஒரு ரூபாய், 24 காசு ஒரு பணம்.

இனி நொத்தேர் பத்திரம். பிரெஞ்சு மொழியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேடுகிறவருக்கு இது நம் கிரையப் பத்திரத்தைவிட நல்லது. அதில் 'ஒரிழின் த ப்ரோப்ரியேத்தே' என்று ஒரு தனிப் பகுதி இருக்கும். இந்தச் சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது, அவருக்கு முன்னவருக்கு எப்படி வந்தது, எந்த நொத்தேர், எந்தத் தேதி என்று சில தலைமுறைக்கு நொத்தேரே எழுதிவைத்திருப்பார். பல வாரம் அலைய வேண்டிய வேலை ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். பத்திரம் கைக்கு வந்ததும் நேரே அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள். கடைசியில் 'இப்போத்தேக்' (அடமானப் பதிவு) அலுவலகத்தில் பதிந்த தேதி, தொகுதி, எண் இருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் 'வாந்த்' என்றால் விற்பனை, 'தொனாசியோன்' தானம், 'பர்த்தாழ்' பாகம், 'தெஸ்தமான்' உயில், 'லிசித்தாசியோன்' என்றால் பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடியாத பொதுச் சொத்தை விற்றது. எல்லாப் பத்திரமும் பிரெஞ்சில் இருக்காது. 'தபெல்லியோன்' என்ற உள்ளூர்ப் பத்திர எழுத்தர் எழுதிய தமிழ்ப் பத்திரங்களும் உண்டு. அவற்றின் தமிழைப் படிக்கப் புள்ளி வைக்காத பழைய கையெழுத்துப் பழக்கம் வேண்டும்.

நொத்தேர் மூலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நகலைத்தான் கொடுப்பார். அதனால் வீட்டில் பத்திரம் இல்லை என்றால் எல்லாம் போய்விட்டது என்று ஆகாது. 1776இல் வெர்சாய் அரசாணை ஒன்று, காலனிகளில் எழுதப்படும் நொத்தேர் பத்திரங்களுக்கும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கும் ஒரு பிரதி பிரான்சுக்கு வர வேண்டும் என்றது. கரையானும் கடற்காற்றும் இங்கே தின்றவற்றின் பிரதிகள் அங்கே இருக்கின்றன: எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில், கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில். 'எத்தா சிவில்', அதாவது பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை அதன் இணையதளத்தில் ஊர், வருஷம் வாரியாக இலவசமாகப் புரட்டலாம். நொத்தேர் பிரதிகளுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

உள்ளூரிலும் இடங்கள் உண்டு. லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது; அடையாள அட்டையோடு, எதைத் தேடுகிறீர்கள் என்ற சிறு குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். 1827இல் தொடங்கிய நூலகம், இன்றைய ரோமன் ரோலண்ட் நூலகம், பழைய அரசிதழ் வகையறாக்களுக்கு. பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகமும் 'இன்டாக்' அமைப்பின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலும் கேட்டுப் பார்க்க வேண்டியவை. வைசியாள் வீதி, ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கத்து வீடு என்றால் அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய நகர வரைபடங்களுக்குப் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் 'காலிக்கா' தளம். 18ஆம் நூற்றாண்டு வரைபடத்திலும் தெருக்கள் இன்றுபோலவே கட்டம் கட்டமாக நிற்பதால் வீட்டிருப்பிடத்தைப் பெரிய வாய்க்காலிலிருந்து எண்ணிப் பிடித்துவிடலாம். தெருப்பெயர்தான் மாறியிருக்கும். நேரு வீதி அன்று துய்ப்ளேக்ஸ் வீதி, கடற்கரைச் சாலை அன்று கூர் ஷப்ரோல்.

பெயர் மாறும் இடங்கள்

புதுச்சேரித் தேடலில் பாதிப் பேர் நின்றுபோவது இங்கேதான். 1880 பத்திரத்தில் ஒரு பிள்ளை வாங்குகிறார், 1895இல் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் விற்கிறார், நடுவில் பத்திரமே இல்லை. வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்டான் என்று கதை கட்டிவிடுவார்கள். இருவரும் ஒரே ஆளாகவோ அப்பனும் மகனுமாகவோ இருக்கலாம். 1881 செப்டம்பர் 21 ஆணை, உள்ளூர்க்காரர்கள் தங்கள் வழக்காற்று உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரவும், கூடவே ஒரு குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ளவும் வழி செய்தது. இவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். செருப்புக் காலோடு நீதிமன்றம் புகுந்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'லாபோர்த்' ஆனது இப்படித்தான். பெயர் துண்டிக்கும் இடத்தில் அந்த வருஷங்களின் துறப்புப் பதிவைத் தேடுங்கள். பழைய பெயர், புதிய பெயர், மனைவி மக்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

எழுத்துக்கூட்டலும் குழப்பும். பிரெஞ்சுக்காரர் உகரத்துக்கு இரண்டு எழுத்துப் போட்டு, கடைசியில் ஒரு ஊமை எழுத்தும் ஒட்டுவார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் படித்தால் முருகன் 'மௌரௌகேன்' ஆகிவிடுவார். அட்டவணையில் தேடும்போது பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெண்கள் விஷயத்தில் பிரெஞ்சுப் பத்திரம் தாராளம்: கல்யாணத்துக்குப் பிறகும் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரையே எழுதும். நம் பத்திரங்களில் 'இன்னார் பெண்சாதி' என்று முடிந்துவிடும் ஒருத்திக்கு, அங்கே அப்பன் பெயரும் ஊரும் கிடைக்கும். வீடு சீதனமாக வந்ததா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

பலர் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்துப் பணம் அனுப்பிக் கட்டிய வீடுகள் இவை. 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு பிரான்சில் குடியேறியவர்களும் உண்டு. அதனால் பத்திரத்தில் பவர் ஏஜென்ட் பெயர்தான் கையெழுத்தாக இருக்கும். அந்த ஆளை உரிமையாளர் என்று எண்ணிவிட வேண்டாம்.

வீட்டையே கேட்பது

காகிதம் சொன்னதைக் கட்டடத்தோடு ஒத்துப் பாருங்கள். சுவர்ப்பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் சன்னமாக, சுண்ணாம்புச் சாந்தில் இருக்கிறதா? மேலே மரச்சட்டத்தின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸா, பனங்கையா, இரும்பு உத்திரமா? இரும்பு உத்திரத்தில் செய்த கம்பெனியின் பெயர் புடைத்திருக்கும், பெயின்டைச் சுரண்டாமல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே தெரியும். ஓட்டைக் கழற்றும்போது ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மங்களூர் ஓடு என்றால் 1865க்குப் பிறகு, அந்த வருஷம்தான் பாசல் மிஷன் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. மார்செய் முத்திரை போட்ட ஓடுகளும் புதுச்சேரியில் கிடைக்கும். ஆனால் ஓட்டின் வயது வீட்டின் வயது ஆகாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்துப் போட்ட பிறகு, பழைய வீடு இடித்த இடத்திலிருந்து ஓடு வாங்கிப் போட்டவர்கள் இந்த இரண்டு ஊரிலும் ஏராளம். கதவு, தூண்கூடக் கைமாறும். நகர்த்த முடியாதவற்றை நம்புங்கள்: சுவர், அடித்தளம், கிணறு, முற்றத்தின் அளவு. பத்திரத்தில் உள்ள ஜாதியடியை டேப் வைத்து அளந்துவிடுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவராக இருந்தால் இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்து, பாகத்தில் பிரிந்திருக்கலாம்.

ஆட்களைக் கேட்பது

வாசலில் நின்று "இந்த வீடு யார் பேர்ல இருந்தது?" என்று கேட்டால், நீங்கள் வக்கீல் நோட்டீஸ் கொண்டுவந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். வாங்கவும் விற்கவும் வரவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். வருஷத்தைக் கேட்பதிலும் பலன் இல்லை. "பாட்டி, நீங்க கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தப்ப அந்த வீட்டுல யாரு இருந்தாங்க?" என்று கேட்டால் பதில் கொட்டும். "பிரெஞ்சுக்காரன் போன வருஷம் அவங்க காலி பண்ணிட்டாங்க", "அந்தப் பெரிய புயலுக்கு மாடி விழுந்துது" என்று வருவதை நீங்கள் தேதியாக்கிக்கொள்ளலாம். தெருவில் வீட்டுக்கு வழங்கும் பெயரையும் கேளுங்கள். 'டாக்டர் வீடு', 'கண்டிராக்டர் வீடு' என்ற பெயரில் உள்ள டாக்டர் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர். பதிவேட்டில் அவர் இருக்கவே மாட்டார். அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கக் கதவு எண் வாரியாக இருக்கும் பழைய வாக்காளர் பட்டியல் நல்லது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு.

சங்கிலி அறுந்தால்

எங்கோ ஓரிடத்தில் அறுந்தே தீரும். அப்போது பக்கத்து வீடுகளுக்குப் போங்கள். உங்கள் வீட்டின் 1920 பத்திரம் தொலைந்திருக்கலாம். அதே சமயத்தில் கிழக்கு வீடு கைமாறியிருந்தால், அதன் நான்கெல்லையில் உங்கள் வீட்டுக்காரர் பெயர் இருக்கும். மேற்கு வீட்டிலும் அதே பெயர் வந்தால் சந்தேகமே வேண்டாம். முதலில் வரையச் சொன்ன அந்தச் சின்னக் கட்டங்களை வருஷ வரிசையில் அடுக்கிப் பார்த்தால், எந்தப் பக்கத்து வீட்டை எந்த ஐந்து பத்து வருஷத்துக்குத் தேட வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். அடுத்து நீதிமன்றம். பங்காளிச் சண்டை நடந்த வீடு தேடுகிறவனுக்கு அதிர்ஷ்டம்; வழக்குரையில் வம்சாவளிப் பட்டியலே இணைத்திருப்பார்கள். ஈ.சி.யில் வராத வாய்மொழிப் பாகமும் பதியாத உயிலும் அங்கேதான் வெளியே வரும்.

கிடைத்ததை ஒரே பட்டியலாக எழுதி வையுங்கள்: தேதி, பத்திர வகை, எண், கொடுத்தவர், வாங்கியவர், நான்கெல்லை, கட்டட விவரம், தொகை, எங்கே பார்த்தது. வாயால் கேட்டதைப் பென்சிலில் எழுதுங்கள், பத்திரத்தில் பார்த்ததை மையில். உயிரோடு இருப்பவர்களின் பாகத் தகராறையும் கடன் விவரத்தையும் ஊருக்குக் காட்டும் பிரதியில் சேர்க்க வேண்டாம். முன்னாள் உரிமையாளரின் பேரன் பேத்திகள் பிரான்சிலோ சென்னையிலோ அகப்பட்டால் ஒரு பிரதியை அனுப்பிவையுங்கள். வீட்டின் பழைய போட்டோ பெரும்பாலும் அவர்களுடைய ஆல்பத்தில்தான், ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும்.